இடப்பக்கமாகவே சுற்றும் வண்டிகள்

1

நேற்று சரவணன் அப்பாவுக்குத் திதி. படத்துக்கு முன்னால் வைக்கப் புது வேட்டி எடுக்கலாம் என்று இரும்புப் பெட்டியைத் திறந்தேன். வேட்டிக்கு அடியில் ஒரு சிவப்புத் துணி உறை கிடந்தது. பந்தயக்காரர்கள் ஹெல்மெட்டுக்கு மேல் மாட்டிக்கொள்கிற உறை. ஒரு பக்கம் மண்ணில் தேய்ந்து நூல் பிரிந்திருக்கிறது. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், பருப்பு பொங்கி அடுப்பு அணைகிற சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன்.

சரவணன் ஹடப்சரிலிருந்து வருவதற்குப் பகல் பன்னிரண்டு தாண்டிவிட்டது. படையலுக்குக் கற்பூரம் காட்டினான், விழுந்து கும்பிட்டான், இலையில் பாதி சாப்பிட்டான், போனில் மராட்டியில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தான். கம்பெனியில் அரை நாள்தான் லீவு கொடுத்தார்களாம். அவனைக் குறை சொல்லவில்லை. நானும்கூட ஃபாக்டரியில் அரை நாள்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். பேக்கிங் பிரிவில் நாள் முழுக்க நிற்கிற வேலை. இரவில் கால் இரண்டும் என்னுடையது மாதிரியே இருக்காது.

குடியாத்தத்திலிருந்து யார் போன் பண்ணினாலும், "உனக்கு இன்னா, குளுகுளு ஊரு, கவர்மென்ட் சம்பளம்" என்கிறார்கள். எங்கள் மாடியில் இருக்கிற சரசக்கா இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறாள். "இந்த ஊர்ல எல்லாம் கிடைக்கும்டி. 'சாப்ட்டியா'ன்னு நம்ம பாஷையில கேக்கற வாய்தான் கிடைக்காது. அதனாலதான் நான் மாடியிலேர்ந்து இறங்கி வந்து கேட்டுட்டுப் போறேன்." சொன்ன மாதிரியே தினமும் இறங்கி வருவாள். கேட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டும் போவாள்.

அந்தச் சிவப்பு உறையைப் பற்றி ஊரில் யாருக்கும் நான் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

2

தொண்ணூறில் நாங்கள் பூனாவில் போபோடிக்கு வந்தோம். அவருக்குக் கட்கிப் பக்கம் ஃபாக்டரியில் வேலை. சரவணனுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க நான்தான் கூட்டிப்போனேன். டீச்சரம்மா, "முலாச்ச நாவ்?" என்றாள். சரவணன் என்றேன். அடுத்து, "ஆட்நாவ்?" என்றாள். இங்கே எல்லோருக்கும் மூன்று துண்டாகப் பேர் இருக்க வேண்டும்: தன் பேர், அப்பா பேர், கடைசியில் ஆட்நாவ் என்கிற குடும்பப் பேர். நமக்கு ஏது அது? முன்னால் ஒரு எழுத்து, பின்னால் ஒரு பேர், அவ்வளவுதான். கை விரித்தேன். சரி, அப்பா பேரையாவது சொல் என்றாள் அந்த அம்மா.

எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரர் பேரைச் சொல்லும் வழக்கம் இல்லை. சொல்லக் கூடாது என்று யாரும் என்னை உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அம்மா சொல்லிக் கேட்டதில்லை, அத்தைகள் சொல்லிக் கேட்டதில்லை, அதனால் அந்தப் பேர் நாக்கிற்கு வராத ஒன்றாகவே போய்விட்டது. டீச்சரம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். நான் சுவரைப் பார்க்கிறேன். கூட வந்திருந்த சரசக்காதான் எனக்குப் பதிலாகச் சொன்னாள். அந்தப் பேரையே டீச்சரம்மா குடும்பப் பேராகவும் எழுதிவிட்டாள்.

சாயந்திரம் அவர் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "ரேஷன்ல கேப்பான், பேங்க்ல கேப்பான், ஆஸ்பத்திரியில கேப்பான். எல்லாத்துக்கும் சரசக்காவை இடுப்புல தூக்கிக்கினு போவியா?"

அப்படித்தான் போனேன். எங்கே போனாலும் பேர் சொல்ல அவள் வருவாள். "உன் புருஷன் பேர நான்தான் உன்னைவிட அதிகமா கூப்ட்டு இருக்கேன்" என்று கிண்டல் பண்ணுவாள். அந்தப் பள்ளிக்கூடத்து எழுத்தினால் ஒன்று நடந்தது. இங்கே வெளியிலெல்லாம் ஆட்நாவைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். வீட்டில் மட்டும்தான் அவன் சரவணன். வாசலைத் தாண்டினால் அவன் அப்பா பேர்தான் அவனுக்கு.

3

அவர் போனது திடீரென்று. காலையில் ஷிப்டுக்குக் கிளம்பியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

ஊரிலிருந்து ரயில் ஏறி யாரும் வந்து சேருகிற வரை வைத்திருக்க முடியவில்லை. தூக்குவதற்கே ஆள் போதாமல் பக்கத்துச் சந்து மராட்டிக்காரப் பிள்ளைகள் தோள் கொடுத்தார்கள். ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. இங்கே என்னைத் தடுக்க எந்தப் பெரியவரும் இல்லை. சரசக்கா கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரை வரை நடந்தேன். அதனால்தான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

சரவணனுக்கு அப்போது பதினாறு. தோளில் தண்ணீர்க் குடத்தை வைத்தார்கள். அவன் நடக்கத் தொடங்கினான், வலப்பக்கமாக. வெள்ளிக்கிழமை தவறாமல் கட்கி மாரியம்மன் கோயிலில் என்னோடு சுற்றிய பிள்ளை. சுற்று என்றால் அவனுக்கு வலம் வருவதுதான் தெரியும். சரசக்கா வீட்டுக்காரர் ஓடிப்போய் அவனை இரண்டு தோளிலும் பிடித்துத் திருப்பிவிட்டார். "இப்டி இல்லப்பா, அப்டி. இடப்பக்கமா."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "கா, அம்மா?" என்றான். 'ஏன்' என்பதைக்கூட அந்த நேரத்தில் அவனால் மராட்டியில்தான் கேட்க முடிந்தது. குடத்தில் ஓட்டை போட்டார்கள். தண்ணீர் ஒழுக ஒழுக மூன்று முறை இடப்பக்கமாகச் சுற்றினான்.

4

அவர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் பேர் கேட்டார்கள். சரசக்கா வந்தாள்.

சரவணன் பன்னிரண்டாவது முடித்துவிட்டு காட்கே என்பவரின் மோட்டார் சைக்கிள் கேரேஜில் வேலைக்குச் சேர்ந்தான். காட்கே இளவயதில் மண் பாதையில் பந்தயம் ஓட்டியவர். ஒரு கால் கொஞ்சம் சாய்ந்து நடப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்களை ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஓட்டவிடுகிறார் என்று தெரியும். கீழே விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வருவான், மஞ்சள் வைத்துக் கட்டுவேன். ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் டிவியில் அந்த மாதிரிப் பந்தயம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ வெளிநாடு. முட்டை வடிவத்தில் ஒரு மண் பாதை. நான்கு நாட்டு அணிகள். ஒவ்வொரு தடவையும் நாட்டுக்கு ஒருவனாக நான்கு பேர் வருகிறார்கள். சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் என்று தலையில் நிறம். நான்கு சுற்று. முதலில் வந்தவன் நாட்டுக்கு மூன்று, அடுத்தவனுக்கு இரண்டு, அப்புறம் ஒன்று, கடைசிக்கு ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் கூட்டி எந்த நாடு மேலே என்று பார்ப்பார்களாம்.

"அந்த வண்டிக்கு பிரேக்கே கிடையாது அம்மா" என்றான், ஏதோ நல்ல செய்தி மாதிரி.

நான் பிரேக்கைப் பார்க்கவில்லை. "ஏண்டா, எல்லாம் இந்தப் பக்கமாவே சுத்தறாங்க?"

"எப்பவும் லெஃப்ட்தான். ரூல். இடது காலைக் கீழே ஊன்றிக்கிட்டே சறுக்கிட்டுத் திரும்புவாங்க."

"நீயும் அப்டித்தான் சுத்தறியா?"

"எல்லாரும் அப்டித்தான்." கண்ணை டிவியிலிருந்து எடுக்கவில்லை.

எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். கை கழுவுகிற தண்ணீர் ஒழுகுகிற சத்தம்கூடப் பிடிக்கவில்லை, குழாயை மூடினேன்.

5

அடுத்த வருஷம் பூனாவிலேயே அப்படி ஒரு போட்டி வைத்தார்கள். இலங்கை, நேபாளம், மலேசியா, நாம். வெளிநாட்டில் மாதிரி தனி வண்டியெல்லாம் கிடையாது. தெருவில் ஓடுகிற வண்டியையே உரித்துக் கோழி மாதிரி ஆக்கி, முன் பிரேக்கைக் கழற்றி எடுத்து ஓட்டினார்கள். நம் அணியில் காட்கே கேரேஜிலிருந்து ஒருவனுக்கு இடம். அது சரவணன். இருபத்தொரு வயது ஆகாததால் வீட்டில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், என்ன ஆனாலும் யாரையும் கேட்க மாட்டேன் என்று.

காகிதத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். நான் ரசம் ஊற்றினேன்.

"அம்மா, சைன்."

"சாப்டு."

மறுநாளும் வைத்தான். அதற்கு மறுநாளும். நான்காம் நாள் தட்டைத் தள்ளிவிட்டான். "விழுந்துடுவேன்னு பயமா? ஃபாக்டரிக்குப் போற ரோட்டுல தினம் எவ்ளோ பேர் விழறான். இது அதைவிட சேஃப்."

"விழறது இல்லடா."

"அப்போ இன்னா?"

சொல்ல வந்தது. ஆற்றங்கரை, குடம், தோளைப் பிடித்துத் திருப்பினது எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்து, கடைசியில் வெளியே வந்தது இதுதான்: "அந்தப் பக்கமா சுத்தறது எனக்குப் பிடிக்கல."

அவனுக்குப் புரிந்ததா, தெரியாது. "ஒரே ஒரு சுத்து வலப்பக்கமா சுத்திட்டு அப்புறம் ஓட்டேன்" என்றேன். எனக்கே கூச்சமாக இருந்தது.

அவன் போய் நிஜமாகவே காட்கேயிடம் கேட்டிருக்கிறான். மறுநாள் அவரே வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். இங்கே சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி "காகு" என்றுதான் ஆரம்பித்தார். "எங்கள்லயும் அப்படித்தான். அந்தக் காரியத்துக்கு மட்டும்தான் உல்ட்டா சுத்துவோம். நீங்க சொல்றது எனக்குப் புரியுது" என்றார் இந்தியில். "ஆனா பாதையில எதிர்ப்பக்கமா வண்டி ஓட்டினா அவனைப் போட்டியிலேர்ந்து தூக்கிடுவாங்க. அவனை மட்டும் இல்ல, அணியோட பாயின்ட்டும் போகும். மத்தப் பசங்க என்னை இன்னா கேப்பாங்க?"

டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கட்டாயப்படுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபப்பட்டு முடித்திருப்பேன்.

சரவணன் ஷூ கட்டிக்கொண்டே சொன்னான், எரிச்சலாக: "அவ்ளோ ஆசையா இருந்தா நீயே சுத்து, போ. வலப்பக்கமா."

சரசக்கா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னாடி, புள்ள வழி சொல்லிட்டான்" என்றாள்.

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். நான் பேனா கேட்டேன்.

6

மைதானத்தில் காலையிலிருந்தே டேங்கர் தண்ணீர் அடித்தும் தூசி அடங்கவில்லை. பாதையைச் சுற்றி மூங்கில் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். ஃபாக்டரிப் பையன்கள், காலேஜ் பையன்கள், வடாபாவ் வண்டிகள். கோடு போட்டிருந்த இடத்துக்கு எதிரே, கயிற்றுக்கு வெளியே, நானும் சரசக்காவும் குடையோடு நின்றோம். சரவணன் சிவப்பு உறை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஸ்பீக்கரில் ஒவ்வொரு நாடாகப் பேர் வாசித்தார்கள். "லால் டோபி, பாரத்", சிவப்புத் தொப்பி இந்தியா, என்று சொல்லிவிட்டு அந்த ஆள் சொன்னான்:

"ஏழுமலை."

மைதானம் முழுக்க அவர் பேர். எனக்குக் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. உள்ளூர்ப் பையன் என்று தெரிந்ததும் போபோடிப் பையன்கள் கூட்டமாக அதையே கத்தத் தொடங்கினார்கள். அவர்கள் வாயில் அது கொஞ்சம் நசுங்கித்தான் வந்தது, ஆனாலும் அவர் பேர்தான். சரசக்கா என் முதுகில் கை வைத்தாள். "நடடி. வந்த வேலையைப் பாரு."

வண்டிகள் கிளம்பின. நாங்கள் வலப்பக்கமாக நடந்தோம்.

நடக்க நடக்கத்தான் ஒன்று தெரிந்தது. கயிற்றோரம் நிற்கிறவர்களுக்கெல்லாம் வண்டி ஒரு கோடு மாதிரி போய்விடுகிறது, முதுகுதான் மிச்சம். எதிர்ப்பக்கமாக நடக்கிற எனக்கு மட்டும் அவன் நேராக வருகிறான். ஒவ்வொரு சுற்றிலும் எதிரே வந்து கடந்து போகிறான். முகம் தெரியாது, கண்ணாடியும் துணியும்தான். ஆனாலும் வருகிறான். போகிறவனாக இல்லை, வருகிறவனாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கோயிலில் கிடைக்காத ஒரு நிம்மதி அந்தத் தூசியில் கிடைத்தது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

அவர்கள் நான்கு சுற்று முடிப்பதற்குள் நாங்கள் கால் சுற்றுகூட முடிக்கவில்லை. இரண்டாவதாக வந்தான். "ரெண்டு பாயின்ட்டு" என்றாள் சரசக்கா, பிறந்ததிலிருந்து இதையே பார்த்தவள் மாதிரி. அவன் மறுபடி வரும்வரை விட்ட இடத்திலேயே நின்றோம். அவன் பாதையில் இறங்கினால் நடந்தோம். மூன்றாவது தடவைக்குச் சரசக்காவின் முட்டி ஒத்துழைக்கவில்லை. குடையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பந்தலில் உட்கார்ந்துவிட்டாள்.

கடைசித் தடவை. மலேசியா எட்ட முடியாத இடத்தில் இருந்தது. நாமும் இலங்கையும் சமம். இவன் இலங்கைக்காரனுக்கு முன்னால் வந்தால் நமக்கு இரண்டாம் இடம்.

மூன்றாம் சுற்று வளைவில், என் கண்ணுக்கு எதிரேயே, வண்டி சறுக்கியது. அவன் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். சிவப்பு உறை மண்ணில் உரசிக்கொண்டே போய் நின்றது. எழுந்திருக்கவில்லை.

குடை எங்கே போனது என்று தெரியாது. கயிற்றுக்கு ஓடினேன். எனக்கு முன்னாலேயே இருபது பேர் நெருக்கிக்கொண்டிருந்தார்கள், எல்லோரும் "மாஜா பாவு, மாஜா பாவு" என்று, அவன் என் தம்பி என்று, என் அண்ணன் என்று. கொடி பிடித்த பையன் ஒருவன் கையை விரித்து அத்தனை பேரையும் தள்ளிக்கொண்டிருந்தான்.

"என் பிள்ளை" என்றேன், எந்தப் பாஷையில் என்று ஞாபகமில்லை.

"கோணாச்சி ஆயி?" யாருடைய அம்மா என்று கேட்டான். "நாவ் சாங்கா," பேரைச் சொல் என்றான்.

"சரவணன்."

"அசா கோணி நாஹி." அப்படி யாரும் இல்லையாம். தள்ளு என்றான். மறுபடியும், "நாவ்?" என்று கேட்டான்.

திரும்பிப் பார்த்தேன். சரசக்கா பந்தலில் இருந்தாள், மைதானத்தின் அந்தக் கோடியில்.

"ஏழுமலை" என்றேன்.

அவன் கயிற்றைத் தூக்கிப் பிடித்தான்.

7

தோள் பிசகியிருந்தது, முழங்கை உரிந்திருந்தது, வேறொன்றும் இல்லை. மூச்சு அடைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறான். ஆம்புலன்ஸ்காரர் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டு, நாளைக்கு எக்ஸ்ரே எடு என்றார். விழுந்தவன் இல்லாமல் மற்ற மூன்று பேரை வைத்துத் திரும்ப ஓட்டினார்கள்; அதுதான் சட்டமாம். நமக்கு மூன்றாம் இடம். கூட ஓட்டிய பையன்கள் அவன் முதுகில் தட்டினார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. காட்கே அவன் ஹெல்மெட்டை ஒரு துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஒன்றும் இல்லாதபோதும்.

கூட்டம் கலைந்தது. மூங்கில்களைப் பிடுங்கத் தொடங்கினார்கள். சரசக்கா ஆட்டோ பேசிக்கொண்டிருந்தாள், ஆட்டோக்காரன் ஒரு ரேட் சொல்ல இவள் அவனுடைய வம்சத்தை விசாரித்தாள்.

"போலாம்" என்றான் சரவணன்.

"இரு. பாதிதான் ஆச்சு. மீதியை முடிச்சுட்டு வரேன்."

"அம்மா, போட்டியே முடிஞ்சுபோச்சு. நகோ ஆதா, வேணாம்."

"உன் போட்டி முடிஞ்சுது."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். நான் அவன் விழுந்த வளைவுக்குப் போய் அங்கிருந்து நடக்கத் தொடங்கினேன். கால் இரண்டும் மரக்கட்டை மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு பின்னால் ஷூ சத்தம் கேட்டது. என் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டான், ஒரு கை கட்டில், ஒரு கையில் அந்தச் சிவப்பு உறை.

"கயித்துகிட்ட நின்னுக்கினு நீ இன்னா சொன்ன?"

"உன் பேர்தான்."

"அது அப்பா பேரு."

"வெளியில உனக்கு அதுதானே பேரு."

வெயில் இறங்கியிருந்தது, தூசி அடங்கியிருந்தது. வலக்கைப் பக்கம் மைதானம், இடக்கைப் பக்கம் காலியான வடாபாவ் வண்டிகள். ஓரிடத்தில் அவன் நின்றான்.

"இங்கதான்" என்றான்.

மூங்கில் பிடுங்கியிருந்தார்கள், கயிறு இல்லை, அந்தக் கோடுகூட டயரில் அழிந்துபோயிருந்தது. நான் எங்கிருந்து கிளம்பினேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது.